நாலு சிலிண்டருக்கு ஒரு சராசரி

துணியில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே எங்கள் பனியன் கம்பெனியில் ஓர் அறை இருக்கிறது. அதற்கு லேப் என்று பெயர். நான் அங்கே உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அறை எந்தத் துணியிலும் எந்தக் குறையும் கண்டுபிடித்ததில்லை. அதற்குக் காரணம் துணி அல்ல, லேப்பின் பொறுப்பாளர் அருள்செல்வன். ஆனால் அவருடைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் டைப் செய்து, கீழே 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் வேல்விழி என்று கையெழுத்துப் போட்டவள் நான். ஆகவே அவரைப் பற்றி எழுதும்போது என்னை மட்டும் தனியாகத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது.

அருள்செல்வன் அண்ணனுக்குச் சொந்த ஊர் சோமனூர். விசைத்தறிக் குடும்பம். டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்ததும், ஆறு மாதம் வேலை பழகிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று திருப்பூருக்கு வந்தார். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. இப்போது தலை நரைத்துவிட்டது, பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். குட்டையான ஆள். நடக்கும்போது பின்னால் யாரோ கூப்பிட்டது போலப் பாதி திரும்பியே நடப்பார். கம்பெனியில் அவரைப் பிடிக்காதவர்கள் கிடையாது. யாருடைய துணியையும் ஃபெயில் போடாத மனிதரை யாருக்குத்தான் பிடிக்காது?

அவருடைய ரகசியம் சராசரி. ஒரு துணியின் கனத்தைப் பார்ப்பதற்கு, வட்டமாக வெட்டும் ஒரு கருவியால் ரோலின் அகலத்தில் ஐந்து இடங்களில் சின்னச் சின்னத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றையும் எடை போட்டு, ஐந்துக்கும் சராசரி எடுப்போம். சராசரி அளவுக்குள் இருந்தால் பாஸ். இது ஊர் முழுக்க உள்ள வழக்கம்தான். ஆனால் அண்ணன் அதை லேப்போடு நிறுத்தவில்லை. அவருக்குக் காலையில் ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், மத்தியானம் இறங்கியிருக்கும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, "நார்மல்தான் கண்ணு" என்பார். மூத்த பையன் எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண், இளையவன் இரண்டில் அரியர். "மொத்தத்துல ரெண்டு பேரும் நல்லாத்தான் படிக்கறாங்க." மத்தியானச் சாப்பாட்டில் குழம்பில் உப்புக் கூடியும் பொரியலில் இல்லாமலும் இருந்தால் இரண்டையும் பிசைந்துகொண்டு திருப்தியாகச் சாப்பிடுவார்.

நான் அதிகம் பேசாதவள். பத்தாவது வரை தமிழ்வழி, அதன்பிறகு ஆங்கிலவழி. அதனால் இரண்டு மொழியிலும் பேசாமல் இருக்கத் தெரியும். வேலைக்கான இன்டர்வியூவில் அவர் நாலு கேள்வி கேட்டார். இரண்டுக்குப் பதில் சொன்னேன், ஒன்றுக்குத் தலையாட்டினேன், ஒன்றுக்குத் தரையைப் பார்த்தேன்.

"சராசரியாப் பாத்தா நல்லாவே சொல்லியிருக்கற கண்ணு. நாளைக்கே வந்துரு" என்றார்.

அன்றே அவருடைய முறையில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிட்டது.

எங்கள் முதலாளி செங்கோட்டையனுக்கு அந்த நம்பிக்கை இல்லை. இந்த வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள் லேப்புக்குள் வந்து நின்றார். வழக்கமாக அவர் வருவதில்லை. வந்தால் உட்காருவதில்லை.

"ஏனுங்க அருளு, நானும் பாத்துட்டே இருக்கறனுங்க. இங்கிருந்து வர்ற பேப்பர்ல எல்லாம் பாஸுன்னுதான் இருக்குது. எப்பவுமே பாஸுன்னா அதைச் சொல்றதுக்கு ஒரு ரூமு, ஏசி, ரெண்டு ஆளு எதுக்குங்க?"

"துணி நல்லா வருதுங்க மொதலாளி" என்றார் அண்ணன்.

"வெளி லேப்புல குடுத்துக்கலாமுன்னு பாக்கறேன். தீபாவளிக்குப் பொறவு நீங்க பேக்கிங்குக்குப் போயிருங்க. அங்க அட்டைப்பெட்டிய எண்ணறதுக்கு நம்பிக்கையான ஆளு வேணும்."

முதலாளி போன பிறகு அண்ணன் வட்டக் கத்தியை எடுத்துத் துடைத்தார். துடைத்ததை மறுபடியும் துடைத்தார். "அட்டைப்பெட்டிக்கு என்ன கண்ணு டெஸ்ட்டு இருக்குது" என்று மட்டும் கேட்டார். ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என் குணப்படி தராசின் கண்ணாடியைத் துடைத்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அன்று அந்த அறையைப் பளபளவென்று ஆக்கினோம்.

இந்த நிலைமையில்தான் கார் வந்தது.

முதலாளியின் மனைவிக்கு அண்ணன் மகுடேஸ்வரன். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பும் நூல்மில்லும் இருக்கிற ஆள். அவர் தன் பையனுக்கு வாங்கிக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, பையன் வெளிநாடு போனதால் சும்மா நின்றது. முதலாளியின் பையன் நித்தீஷுக்கு அதன்மேல் ரொம்ப நாளாகக் கண். "ஓட்டிப் பாருங்க மாப்ளே, புடிச்சிருந்தா வெச்சுக்குங்க" என்று முதலாளியிடம் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு கதவு, சிவப்பு நிறம், தரையோடு ஒட்டிய உயரம். எங்கள் கம்பெனி வேகத்தடையைத் தாண்டுவதற்குள் அதன் அடிவயிறு மூன்று முறை முனகியது.

பழைய கார் வாங்கினால் இன்ஜின் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும் என்று நித்தீஷ் சொன்னான். அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பிஸ்டன் காற்றை எவ்வளவு இறுக்கமாக அமுக்குகிறது என்று கேஜ் வைத்துப் பார்ப்பது. எங்காவது கசிவு இருந்தால் முள் ஏறாது. கோயம்புத்தூரில் பெரிய ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றான்.

முதலாளி முகம் சிவந்தது. "என்ற மச்சான் குடுத்த வண்டிய ஒர்க்‌ஷாப்புல கொண்டுபோயி சோதிக்கறதா? அந்த ஒர்க்‌ஷாப்புக்காரன் உடுமலைக்குப் போன் போட்டா என்ன ஆகும்? சொந்தத்துல வாங்கறதைச் சந்தேகப்பட்டானுங்கற பேரு எனக்கு எதுக்கு?"

"அப்ப பாக்காமயே வாங்கிக்கலாமா அப்பா?"

"அதெப்புடி? டெஸ்ட்டு பண்ணோணும். ஆனா பண்ணுனது தெரியக் கூடாது." சுற்றிலும் பார்த்தார். அப்போது ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு வழி பிறந்துவிட்டது. "நம்ம லேப் எதுக்கு இருக்குது?"

செய்தியை அண்ணனிடம் நான்தான் கொண்டுபோனேன். மறுப்பார் என்று நினைத்தேன். மொபெட்டைத் தவிர வேறெதையும் ஓட்டாத மனிதர். அவரோ நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"கண்ணு, இதுதான் சமயம். லேப்புன்னா என்னன்னு காட்டிரலாம். தெளிவா, அழகா ஒரு பாஸ் ரிப்போர்ட்டு போட்டுக் குடுத்தமுன்னா, இந்த லேப்ப மூடறதுக்கு மொதலாளிக்கு மனசு வராது."

டெஸ்ட் செய்வதற்கு முன்பே முடிவு என்னவென்று அவர் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் லேப்பில் அதுதானே வழக்கம்.

துணியை அமுக்கிச் சுருக்கும் காம்பாக்டிங் மிஷினுக்குப் பின்னால் காலி ஷெட்டில் வைத்து வேலையை ஆரம்பித்தோம். கேஜை நித்தீஷ் ஆன்லைனில் வரவழைத்திருந்தான். அந்தக் காரின் சர்வீஸ் புத்தகம் அவன் போனில் ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. வாழ்க்கையில் முதல்முறையாக என் இருமொழிக் கல்விக்கு ஒரு பயன் வந்தது. பக்கத்தில் காம்பாக்டிங் மிஷின் ஓடிய சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா அக்கா!" என்று நித்தீஷ் கத்தினான்.

"இன்ஜின் சூடா இருக்கணுமாம்!"

"ஓட்டிட்டு வந்தாச்சு. அடுத்தது?"

"பெட்ரோல் பம்போட ஃபியூஸை எடுத்துரணும். பிளக்குக்குப் போற கரண்டையும் கட் பண்ணணும். அப்புறம் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டணும்."

நித்தீஷ் ஒவ்வொன்றாகக் கழற்றி, எங்கள் துணி சாம்பிள் வைக்கும் தட்டில் வரிசையாக வைத்தான். அண்ணன் முதல் துளையில் கேஜின் குழாயை மரை திருகிப் பொருத்தினார். நித்தீஷ் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டரைப் போட்டான். இன்ஜின் பற்றாமல், தும்மல் வராத மூக்குப் போல, உஸ் உஸ் என்று சுற்றியது. முள் தாவித் தாவி ஏறி நின்றது.

"185" என்றார் அண்ணன். கையில் ஸ்பேனர் இருந்தாலும், அவர் குரலில் துணி எடை சொல்லும் அதே ராகம். நான் எழுதிக்கொண்டேன். இரண்டாவது 182. மூன்றாவது 118. நாலாவது 184.

"மூணாவது கம்மியா இருக்குதே" என்றான் நித்தீஷ். "நிறுத்தி வெச்சிருக்கும்போது ஒரு நடுக்கம் இருந்துச்சு. ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"இருங்க தம்பி, பதறக் கூடாது. கண்ணு, கொறஞ்ச அளவு எவ்வளவு இருக்கோணுமுன்னு போட்டிருக்குது?"

"140 அண்ணா. அப்புறம் அடுத்த வரியில..."

"போதும் கண்ணு, லிமிட்டு கெடச்சுருச்சு. நாலையும் கூட்டு."

கூட்டினேன். நாலால் வகுத்தேன். 167 வந்தது.

"167! லிமிட்டு 140! எவ்வளவு மேல இருக்குது பாருங்க தம்பி. பாஸ்!"

நித்தீஷுக்குக் கார் மேல் ஆசை. ஆசை உள்ளவனுக்குக் கணக்கு உடனே புரிந்துவிடும். எனக்கோ, அடுத்த வரியைக் கத்திப் படிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. போனை அணைத்துக் கொடுத்துவிட்டேன். 'ஸ்போர்ட்ஸ் கார், நாலு சிலிண்டர், சராசரி 167, பாஸ்' என்று எங்கள் துணி ரிப்போர்ட் தாளிலேயே டைப் செய்தேன். நிறம் என்ற இடத்தில் சிவப்பு என்று போட்டேன். சாயம் போகுமா என்ற இடத்தைக் காலியாக விட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த ரிப்போர்ட் பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது.

அண்ணனுக்கு அன்று கால் தரையில் இல்லை. காருக்குள் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று நித்தீஷிடம் கேட்டார். உட்கார்ந்தார். இறங்கத்தான் முடியவில்லை. அந்த இருக்கை அவ்வளவு தாழ்வு. ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தோம். "நல்ல வண்டிங்க" என்றார் மூச்சு வாங்கியபடி.

மறுநாள் காலை, துவைத்தெடுத்த டி-ஷர்ட்டுகளை அளந்துகொண்டிருந்தேன். துவைத்த பிறகு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்ப்பது. ஒரு சட்டையில் வலது கை கொஞ்சம் குட்டையாகச் சுருங்கியிருந்தது. இடது கையையும் அளந்தேன், அது நீளம். என் கை பாட்டுக்கு இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கப் போனது. அப்படியே நின்றுவிட்டேன். சட்டைக் கைக்கு யாராவது சராசரி எடுப்பார்களா? போட்டுக்கொள்கிறவனுக்கு ஒரு கை மணிக்கட்டு வரை, இன்னொரு கை முழங்கை வரை இருந்தால், சராசரி சரியாக இருக்கிறது என்று அவன் சும்மா இருப்பானா?

நித்தீஷிடம் போனை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நான் படிக்காமல் விட்ட அடுத்த வரி: சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் பதினாலுக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் வித்தியாசம் 67.

ரிப்போர்ட் முதலாளி கைக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் மச்சானுக்குத் தாம்பூலம் வைத்துக் காரை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அண்ணனிடம் எப்படிச் சொல்வது? வாயால் சொல்கிற தைரியம் இல்லை. அந்தச் சட்டையை எடுத்துப்போய் அவர் மேஜையில் கைகளை விரித்து வைத்தேன்.

அவர் பார்த்தார். "என்ன கண்ணு, ஒரு கை குட்டையாட்ட இருக்குது?"

"ரெண்டு கைக்கும் சராசரி சரியா இருக்குங்கண்ணா."

"கைக்கு எதுக்குக் கண்ணு சராசரி எடுக்கற? கைக்கெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். சட்டையைப் பார்த்தார். ஷெட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரிப்போர்ட்டு போயிருச்சே."

"போயிருச்சுங்க."

"இந்த லேப்புல ஒரு தடவைகூட நாம ஃபெயில் போட்டதில்ல கண்ணு. மொதத் தடவ போடறது மொதலாளி மச்சான் காருக்கா?" பரிதாபமாகக் கேட்டார். "இதக் காட்டித்தான் லேப்பக் காப்பாத்தலாமுன்னு இருந்தேன். இனி போயித் தப்புன்னு சொன்னா, தீபாவளி வரைக்கும்கூட வெச்சிருக்க மாட்டாரு."

எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் அந்தச் சட்டையோடு தீர்ந்துவிட்டது. அவர் வெகுநேரம் குட்டைக் கையை இழுத்து இழுத்துப் பார்த்தார், நீண்டுவிடுமோ என்பது போல.

"ஒருவேளை நாம சரியா வெக்கலயோ என்னமோ. இன்னொருக்காப் பாத்துரலாம் வா" என்றார் கடைசியில்.

பார்த்தோம். அதே 118. புத்தகத்தில் இன்னொரு வழி போட்டிருந்தது. குறைவாகக் காட்டுகிற சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கிறது, எண்ணெய் அந்த இடைவெளியை அடைக்கிறது என்று அர்த்தம். ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. இன்ஜின் ஆயிலுக்கு எங்கே போவது? ஓவர்லாக் தையல் மிஷினுக்கு விடுகிற வெள்ளை எண்ணெயை விட்டோம். முள் 165-க்கு ஏறியது.

"ரிங்கு போயிருச்சு" என்றார் அண்ணன். ஏமாற்றத்தோடு சொன்னாலும், கொஞ்சம் பெருமையும் இருந்தது. இத்தனை வருடத்தில் எங்கள் லேப் கண்டுபிடித்த முதல் குறை அது.

முதலாளி அறையில் அண்ணன் முன்னால் நின்றார். நான் அவருக்குப் பின்னால், அவர் உயரத்துக்கு முடிந்தவரை மறைந்து நின்றேன். அண்ணன் விஷயத்தைச் சொன்னார்.

"நேத்துப் பாஸுன்னீங்க."

"தப்புங்க."

"அப்ப இத்தன வருசமா துணிக்கும் இப்படித்தானா?"

"துணிக்குச் சராசரி பாக்கலாமுங்க. அதுதான் முறை. ஆனா ஒரு ஓரத்துல மட்டும் ரொம்பக் கொறஞ்சிருந்தா அதையும் சொல்லியிருக்கோணும். சொல்லாம விட்டிருக்கறனுங்க. அட்டைப்பெட்டி எண்ணச் சொன்னாலும் நான் எண்ணறேன். ஆனா காரு ஃபெயிலுங்க."

திட்டு விழும் என்று காத்திருந்தோம். முதலாளிக்கு எங்களைத் திட்ட நேரமில்லை. அவருடைய கவலை வேறு.

"ஃபெயிலு சரி. இத நான் எப்புடி மச்சாங்கிட்ட சொல்றது? அவிய குடுத்து நான் வேண்டாமுன்னதே இல்லீங்க. கலியாணத்தப்ப ஒரு எருமை குடுத்தாங்க, எட்டி ஒதைக்கற எருமை, அதையே சாகற வரைக்கும் வெச்சிருந்தேன்."

எங்கள் எதிரிலேயே போன் போட்டார். மழை பற்றிப் பேசினார். தென்னைக்கு வெள்ளை ஈ வந்தது பற்றிப் பேசினார். காற்றாலைக்காரன் ரோட்டை நாசம் பண்ணியது பற்றி இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். கடைசியாக, "காரு அருமையான காருங்க மச்சான். எனக்கு ஒரு கொறையும் தெரியல. எங்க லேப்புலதான் என்னமோ சொல்றாங்க. நான் சொல்லலீங்க, லேப்புல சொல்றாங்க. வெளிய ஒருத்தருக்கும் காட்டலீங்க, நம்ம ஆளுகதான்."

"அப்புடீங்களா மாப்ளே. நானே வந்து பாத்துக்கறேன்" என்றது எதிர்முனைக் குரல்.

மறுநாள் மகுடேஸ்வரன் வந்தார். வெள்ளை வேட்டி, பெரிய உருவம். டிரைவர் கையில் ஒரு குலை இளநீர். முதலாளி வாசலில் வரவேற்றதோடு சரி, அவசர வேலை என்று மாடிக்குப் போய்விட்டார். மகுடேஸ்வரன் நேராக லேப்புக்குள் வந்தார். எங்கள் அறை திடீரென்று சின்னதாகிவிட்டது.

"யாருங்க சொன்னது, என்ற வண்டி ஃபெயிலுன்னு?"

அண்ணன் எழுந்து நின்றார். "வாங்க, வாங்க. உக்காருங்க. அதொண்ணும் இல்லீங்க... பொதுவாப் பாத்தா நல்ல வண்டிங்க. மூணு சிலிண்டரு அருமையா இருக்குதுங்க. மொத்தமாச் சராசரி எடுத்துப் பாத்தீங்கன்னா..."

சராசரி திரும்பி வந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு வாக்கியம் போனால் கார் பாஸாகிவிடும். நேற்று ஃபெயில் என்று சொன்ன கார் இன்று பாஸானால் லேப் போய்விடும்.

"மூணாவது சிலிண்டர் ஃபெயில்ங்க" என்றேன்.

சத்தம் நான் நினைத்ததைவிட அதிகமாக வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ரோல் தள்ளிக்கொண்டு போன பீகார்ப் பையன் நின்று திரும்பிப் பார்த்தான்.

மகுடேஸ்வரன் என்னை அப்போதுதான் கவனித்தார். "இந்தப் பாப்பா யாரு?"

"எங்க லேப்பு அம்முணிங்க. அதிகம் பேசாதுங்க" என்றார் அண்ணன். பிறகு, நான் பேசிவிட்டதால் இனித் தப்பிக்க வழியில்லை என்று தெரிந்து, நிமிர்ந்தார். "பேசுனா சரியாத்தானுங்க பேசும். வாங்க, காட்டறேன்."

ஷெட்டில் மூன்றாவது சிலிண்டருக்குக் கேஜை வைத்தார். பிறகு இரண்டாவதுக்கு வைத்தார். மகுடேஸ்வரன் குனிந்து முள்ளைப் பார்த்தார். மறுபடி மூன்றாவதுக்கு வைக்கச் சொன்னார். நாங்கள் பொய் சொல்கிறோமா என்று பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். மூன்றாவது முறை அவரே ஸ்டார்ட்டர் போட உட்கார்ந்தபோதுதான், அவருக்கு முள் ஏறுவதைப் பார்க்கப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. அவரைக் காரிலிருந்து எடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

"என்ற பையன் ரெண்டு வருசம் ஓட்டுனான். ஆயில் குடிக்குதுன்னு டிரைவரு சொன்னான், நான்தான் காதுல போட்டுக்கல" என்றார் வேட்டியைச் சரிசெய்தபடி. "ஏனுங்க, இது வெளிய ஒர்க்‌ஷாப்புல யாருக்காச்சும் தெரியுமா?"

"லேப்ப விட்டு வெளிய போகலீங்க."

"அது போதும்." அவர் முகம் தெளிந்தது. ஒரு இளநீரை வெட்டச் சொல்லி முதலில் எனக்குக் கொடுத்தார். "ரிங்க மாத்திப்போட்டுக் கொண்டாரேன். நீங்களே இன்னொருக்காப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சரின்னாத்தான் மாப்ள எடுத்துக்கோணும்." காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது வேகத்தடையில் அது மறுபடி முனகியது.

அவர் தலை மறைந்ததும் முதலாளி கீழே வந்தார். "கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்லீங்க. இளநி குடுத்தாருங்க."

முதலாளி வெகுநேரம் லேப்பைச் சுற்றிப் பார்த்தார். முதல்முறையாக உட்கார்ந்தார். "முடியாது, வேண்டாமுன்னு ஒருத்தருகிட்டச் சொல்றதுக்கு எங்க ஊட்ல எனக்கும் தெம்பு இல்ல, என்ற சம்சாரத்துக்கும் தெம்பு இல்ல. அதுக்குன்னு ஒரு ரூமு இருக்கறது நல்லதுதானுங்க அருளு" என்றார். "பேக்கிங்குக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

லேப் பிழைத்தது. பிழைத்ததற்கு ஒரு விலையும் இருந்தது. அடுத்த வாரமே ஒரு கரும்பச்சை ரோல் வந்தது. ஐந்து துண்டில் நாலு சரி, ஓரத்துத் துண்டு மட்டும் கனம் குறைவு. சராசரி பாஸ். அண்ணன் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஃபெயில் என்று எழுதினார். ஃபேப்ரிக் மேனேஜர் நஞ்சப்பன் தாளை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"என்ன அருளு, ஒடம்பு கிடம்பு செரியில்லையா? என்ற துணிக்கு ஃபெயிலா?"

"ஓரத்துல கொறையுதுங்கண்ணா."

"ஓரத்துல எப்பவுமே கொறையும்! உன்ற கண்ணுக்கு இன்னைக்குத்தான் ஓரம் தெரியுதா?"

"ஆமாங்கண்ணா. இன்னைக்குத்தான் தெரியுது."

அன்றோடு நஞ்சப்பன் எங்கள் லேப்பில் டீ குடிக்க வருவதை நிறுத்திவிட்டார். அவரைத் தொடர்ந்து டையிங், தையல், கட்டிங் என்று ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கம்பெனியில் எல்லோருக்கும் பிடித்த மனிதராக இருந்த அருள்செல்வன் அண்ணன் இப்போது என்னோடு மட்டும் உட்கார்ந்து டீ குடிக்கிறார். என்னோடு டீ குடிப்பது தனியாகக் குடிப்பதற்கு ரொம்பப் பக்கத்தில் வரும். ஒருநாள், "பரவால்ல கண்ணு, சத்தமில்லாம இருக்குது" என்றார். அது பாராட்டா, புகாரா என்று இன்னும் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை முதலாளி வீட்டிலிருந்து ஒரு சேலை வந்தது. முதலாளியின் மனைவி குழந்தையம்மாள் கொடுத்தனுப்பியிருந்தார். அவருடைய நாத்தனார் ஒரு விசேஷத்துக்கு எடுத்துக் கொடுத்ததாம். கிளிப்பச்சை உடம்பு, செங்கல் நிறக் கரை. கூடவே வாய்மொழியாக ஒரு செய்தி: சாயம் போகும் என்று லேப்பில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுக்கச் சௌகரியமாக இருக்கும்.

அண்ணன் வெள்ளைத் துணியை நனைத்து, சேலையின் நாலு மூலையிலும் நடுவிலும் கரையிலும் தேய்த்தார். எங்கேயும் ஒரு பொட்டுச் சாயம் ஒட்டவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார். நான் சோப்புப் போட்டுத் துவைத்தே பார்த்தேன். அந்தச் சேலை மாதிரி ஒரு சாயத்தை எங்கள் கம்பெனியே போட்டதில்லை.

"பாஸ்" என்று எழுதினார் அண்ணன், துக்கத்தோடு. "கொண்டுபோயிக் குடுத்துரு கண்ணு."

முதலாளி வீட்டுக் கதவைக் குழந்தையம்மாளே திறந்தார். என் கையில் சேலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா கண்ணு. போகுதா?"

"போகலீங்க."

"நல்லாத் தேச்சுப் பாத்தீங்களா?"

"நாலு மூலையிலயும் பாத்தோங்க. துவைச்சும் பாத்தோங்க."

"கொஞ்சங்கூடவா போகல?"

"கொஞ்சங்கூடப் போகலீங்க."

அவர் சேலையை வாங்கி, வெளிச்சத்தில் பிரித்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டுக்கொண்டே அதை மடித்தார்.

"அப்ப இதக் கட்டித்தான் ஆகோணுமாட்ட இருக்குது."